திண்மநிலைச் சேமிப்பிகளின் பழுதும் பழுதறிதலும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஏட்டுச்சுவடிகளின் அழிவு பற்றித் தமிழியல் ஆய்வாளர் நூறாண்டுக்கு மேலாகப் பேசியும் எழுதியும் வந்துள்ளனர். செல்லும் இராமபாணமும் தின்றவை எத்தனை, வெள்ளத்தில் விடப்பட்டவை எத்தனை என்னும் கணக்கு நமது பதிப்பு வரலாற்றின் முதலத்தியாயமாகவே அமைந்துவிட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை தமது பதிப்புரைகளில் ஓலையின் நிலை குறித்து எழுதியவற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயின், நமது காலத்து எழுத்துகள் எப்பொருளின்மீது எழுதப்படுகின்றன, அப்பொருள் எவ்வாறு பழுதுறுகின்றது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் பொறியியலாளரிடம் விட்டுவிடுகின்றோம். எழுத்தின் பௌதிக அடிப்படையை ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் ஆராய்வது கருத்துமுதல்வாதத்தின் ஒரு வகையே என்பது எமது கருத்து.

இக்கட்டுரை, வழங்கிக் கணினிகளில் (நடைமுறையில் யாவரும் 'சேவர்' என்பது இதனையே) இன்று பயன்படும் திண்மநிலைச் சேமிப்பி எவ்வாறு இயங்குகின்றது, எவ்வாறு பழுதடைகின்றது, அப்பழுதினை எவ்வொழுங்கில் ஆராய்ந்தறிய வேண்டும் என்பவற்றை வன்னிப் பெருநிலத்தின் நிலைமைகளோடு சேர்த்து நோக்க முயல்கின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாவட்டச் செயலகங்கள், வைத்தியசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், பாடசாலைகள் யாவும் தத்தம் பதிவுகளை ஏதோவொரு வழங்கியில் வைத்துள்ளன. போரின்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றி இடம்பெயர்வுக்கு இடம்பெயர்வு காவித்திரிந்த மக்களின் மண் இது. அவ்வாறு காவியும் பறிகொடுத்தோர் பலர். அம்மக்களின் பெயர்கள் இன்று எவ்வூடகத்தில் உள்ளன என்பது வெறுந் தொழில்நுட்பக் கேள்வியன்று.

முதலில் அதன் இயக்கம். பழைய வன்தட்டிலே காந்தப் பூச்சுடைய தட்டொன்று சுழலும். எழுதுமுனை அதன்மேல் அசையும். பழுதடையுமுன் அது பெரும்பாலும் ஓசையெழுப்பும். அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர் அதன் 'டிக் டிக்' ஒலியைக் கேட்டே நோயறிவார். திண்மநிலைச் சேமிப்பியில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஆகவே அது ஓசையின்றியே சாகும். அதனுள் உள்ளவை சிலிக்கன் சில்லுகள். ஒவ்வொரு சில்லிலும் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள். ஒவ்வொரு திரான்சிற்றரிலும் நாற்புறமும் காவலிப் படையாற் சூழப்பட்ட நுண்ணிய அறையொன்று. அவ்வறையில் அடைபட்ட இலத்திரன்களின் அளவே தகவல். 1967 இல் பெல் ஆய்வுகூடத்தில் டாவொன் காங், சைமன் சே ஆகிய இருவரும் இக்கருத்தை முன்வைத்தனர். 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா அதனைப் 'பிளாஷ்' நினைவகமாக வளர்த்தெடுத்தார். இன்றைய சில்லுகளிற் பெரும்பாலானவற்றில் அறைக்குப் பதிலாக இலத்திரன்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் காவலிப் படையே உள்ளதெனினும் தத்துவம் ஒன்றே.

இங்கு மனங்கொள்ள வேண்டியவை இரண்டு. இலத்திரனை அவ்வறைக்குட் செலுத்துவதற்கும் வெளியேற்றுவதற்கும் உயர்ந்த மின்னழுத்தம் தேவை. ஒவ்வொரு முறையும் காவலிப் படை சிறிது தேய்கின்றது. ஒரு கலத்தில் ஒரு பிற்று மாத்திரம் வைக்கும் பழைய வகை ஏறத்தாழ 100,000 முறை அழித்தெழுதலைத் தாங்கும். ஒரே கலத்தில் மூன்று பிற்றுகளை நெருக்கி வைக்கும் வகைக்குப் பொதுவாக 1,000 முதல் 3,000 முறை வரையே சொல்லப்படுகின்றது. நான்கு வைக்கும் வகை அதனினுங் குறைவு. மலிவு என்பது இங்கே நெருக்கம். நெருக்கம் என்பது தேய்வு.

மற்றையது, ஒரு பக்கத்தை எழுதலாம், ஆனால் அப்பக்கத்தை மட்டும் அழிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொகுதி முழுவதையும் ஒருங்கே அழித்தல் வேண்டும். ஆகவே ஓர் எழுத்தைத் திருத்தும்போது சேமிப்பி பழைய இடத்திலே திருத்துவதில்லை. வேறொரு வெற்றிடத்திற் புதிதாக எழுதிவிட்டு, 'இனி இதுவே அது' என்று தனது உள் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். பழையது செல்லாததாகிக் கிடந்து, பின்னர் ஓய்வு வேளையில் நல்ல பக்கங்கள் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டபின் தொகுதியோடு அழிக்கப்படும். ஏடு பெயர்த்தெழுதிய நமது முன்னோரின் தொழிலைத்தான் இச்சில்லு நாடோறும் செய்கின்றது. சிதைந்துவரும் ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் படியெடுத்துப் பழையதைக் கழிக்கும் அதே முறை. வேறுபாடு, படியெடுப்போன் இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டுப்படுத்தி எனப்படும் சிறு கணினியும் அதில் எழுதப்பட்ட 'பேம்வெயர்' எனும் உள்நிரலும் அவ்வேலையைச் செய்கின்றன. அட்டவணை சிதைந்தால், ஏடுகள் யாவும் நலமே இருப்பினும் எந்த ஏடு எந்நூலுக்குரியது என்பது அறியவொண்ணாததாகிவிடும். திண்மநிலைச் சேமிப்பியின் திடீர் மரணங்களிற் கணிசமானவை இவ்வகையினவே. கலங்கள் தேய்ந்து முடிவதற்கு முன்னரே அட்டவணையோ உள்நிரலோ கட்டுப்படுத்தியோ முடிந்துவிடுகின்றது. வாங்குவோர் 'எத்தனை ரெறாபைற் எழுதலாம்' என்று மட்டும் கேட்பது போதாமைக்குக் காரணம் இதுவே.

வன்னியின் நிலைமைக்கு வருவோம். 1990 இற்குப் பின்னர் போர் முடியும்வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பகுதி தேசிய மின்வழங்கலுக்கு வெளியேயே இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், ஜாம் போத்தலில் விளக்கெரித்ததும் அக்காலத்து மக்களின் தொழில்நுட்ப வரலாறாகும். (இவ்வரலாறு நமது பல்கலைக்கழகங்களில் இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்பது வேறு விடயம்.) போருக்குப் பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கான உயரழுத்த வழி மீண்டும் அமைந்தது. ஆயினும் மின்சாரம் வந்தமை வேறு, தடையின்றி வந்தமை வேறு. 2020 ஆகஸ்ட் 17 ஆந் திகதியும் 2025 பெப்ரவரி 9 ஆந் திகதியும் நாடு முழுவதும் இருளில் மூழ்கிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியின் உச்சத்தில், 2022 மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது.

மின்வெட்டு இச்சேமிப்பியை எவ்வாறு தாக்குகின்றது? வேகத்தின் பொருட்டு அது எழுத வேண்டியவற்றையும் உள் அட்டவணையின் அண்மைய மாற்றங்களையும் சிறிது நேரம் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். மின் அறுந்தால் அவை மறையும். தரமான வழங்கிச் சேமிப்பிகளில் இதற்கெனக் கொள்ளளவிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மின் அறுந்தபின் ஒரு கணப்பொழுது அவற்றிலுள்ள மின்னேற்றத்தைக்கொண்டு சேமிப்பி தன் கையிலுள்ளதை எழுதி முடிக்கும். மேசைக் கணினிக்கென விற்கப்படும் மலிவான சேமிப்பிகளில் இவை பெரும்பாலும் இல்லை. ஓஹையோ அரச பல்கலைக்கழகத்தினரும் எச்.பி. ஆய்வுகூடத்தினரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில் பதினைந்து சேமிப்பிகளுக்கு வேண்டுமென்றே மின்னைத் துண்டித்துச் சோதித்தபோது பதின்மூன்று ஏதேனுமொரு வகையிற் பிழைத்தன. சிலவற்றில் எழுத்துகள் சிதைந்தன. சில அடியோடு செயலிழந்தன. 2011 இல் இன்ரெல் நிறுவனத்தின் 320 வரிசைச் சேமிப்பிகள் சில, மின் அறுந்து மீண்டபோது தமது கொள்ளளவு வெறும் 8 மெகாபைற் என்றே காட்டின. நிறுவனம் அவ்வாண்டே திருத்திய உள்நிரலை வெளியிட வேண்டியதாயிற்று.

'எம்மிடம் யூ.பி.எஸ். உண்டு' என்பர். உண்மை. ஆனால் அதிலுள்ள ஈய அமிலப் பற்றரி வெப்பத்தில் விரைவில் நலியும் இயல்புடையது; இரு மின்வெட்டுகளுக்கிடையே முழுதாக மின்னேறவும் வாய்ப்பில்லாதபோது அதன் ஆயுள் மேலுங் குறுகும். நெருக்கடிக் காலத்தில் வாங்கிய யூ.பி.எஸ். இன்று முன்பக்க விளக்கைப் பச்சையாகக் காட்டிக்கொண்டு சுமையேற்றியவுடன் சில விநாடிகளில் விழுந்துவிடக்கூடும். எனவே பழுதறிதலின் முதற்படி சேமிப்பியிலன்று, பற்றரியிலேயே தொடங்குதல் வேண்டும். பற்றரி குறையும்போது வழங்கி தானாகவே ஒழுங்காக அணையும்படி யூ.பி.எஸ். இலிருந்து அதற்குத் தொடர்புக் கம்பி இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பெட்டியோடு வந்த அக்கம்பி பெட்டியிலேயே கிடப்பது பொதுவான காட்சி.

வெப்பம் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் தகும், ஏனெனில் இதுபற்றிய தவறான எண்ணங்கள் மிகுதி. திண்மநிலைச் சேமிப்பிகளுக்கான ஜெடெக் அமைப்பின் நியமம் இரு வர்க்கங்களை வகுக்கின்றது. தனியாள் பாவனைக்குரியது, எழுத்தாயுள் முடிந்த நிலையிலும், மின்னின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். வழங்கிக்குரியதோ 40 பாகையில் மூன்று மாதம் காத்தாற் போதும். உயர்ந்த விலை கொடுத்து வாங்கியதற்குக் குறைந்த காலமா என வியப்புத் தோன்றலாம். வழங்கிச் சேமிப்பி இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குவதற்கென ஆக்கப்பட்டது; அணைத்து வைப்பதற்கன்று. அடைபட்ட இலத்திரன்கள் காவலியூடாக மெல்ல மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடக் கசிவுங் கூடும். மின்னூட்டம் உள்ளபோது கட்டுப்படுத்தி நலிந்த பக்கங்களைக் கண்டு பெயர்த்தெழுதும். மின்னற்றபோது அப்படியெடுப்போன் இல்லை.

புதிய சேமிப்பிக்கு இக்கால எல்லை பொருந்தாது, அது பல்லாண்டு காக்கும். நியமம் சொல்வது தேய்ந்து முடிந்ததன் நிலை. ஆனால் நமது வழக்கம் என்ன? ஐந்தாறு ஆண்டு உழைத்துத் தேய்ந்த சேமிப்பியைக் கழற்றி, 'பழைய பதிவுகள்' என்று துண்டெழுதி ஒட்டி, தகரக் கூரையின்கீழ் உள்ள அலுமாரியில் வைத்துவிடுகின்றோம். சித்திரை முதல் ஆவணி வரை வன்னியில் நண்பகல் வெப்பநிலை 35 பாகையை எட்டுவது வழமை. பூட்டிய அறையினுள் அதனினுங் கூடும். தேய்ந்த சேமிப்பி, மின்னின்மை, வெப்பம் என்னும் மூன்றும் அவ்வலுமாரியில் ஒன்றுகூடுகின்றன. நீண்டகாலக் காப்புக்குத் திண்மநிலைச் சேமிப்பி உரியதன்று. ஓசையெழுப்பும் பழைய வன்தட்டும் காந்த நாடாவும் இவ்விடயத்தில் இன்றும் மேலானவை. புதியதே முற்போக்கானது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது.

இனிப் பழுதறியும் ஒழுங்கு. வழங்கி மந்தமாகின்றது, அல்லது கோப்பமைப்பு திடீரென வாசிக்க மட்டும் அனுமதித்து எழுத மறுக்கின்றது, அல்லது சேமிப்பியே பட்டியலிலிருந்து மறைகின்றது. இம்மூன்றுக்கும் பொதுவாகக் கையாளப்படும் மருந்து, அணைத்துப் போடுதல். இதனை வன்மையாக மறுக்க வேண்டியுள்ளது. இன்னும் வாசிக்கக்கூடிய நிலையிலுள்ள சேமிப்பி, அணைத்தபின் எழும்பாமலே போகலாம். முதலிற் செய்ய வேண்டியது, இயங்குதளத்தின் பதிவேட்டில் பிழை தொடங்கிய நேரத்தையும் வாசகத்தையும் வேறோர் ஊடகத்தில் எழுதிவைத்தல். அதே நேரத்தில் மின்வெட்டு ஏற்பட்டதா, இடி விழுந்ததா, புதிய மென்பொருள் ஏற்றப்பட்டதா என்று அலுவலகத்தினரிடம் விசாரித்தல். ஐப்பசி இடிமுழக்க காலத்தில் இக்கேள்வி வீணாவதில்லை.

அடுத்து, 'ஸ்மார்ட்' எனப்படும் தன்னிலைப் பதிவை வாசித்தல் வேண்டும். ஸ்மார்ட்மொன்ரூல்ஸ் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். அதிற் பல எண்கள் தோன்றும். யாவற்றையும் ஒன்றுபோலப் பொருட்படுத்துதல் வேண்டா. எத்தனை மணிநேரம் இயங்கியது, எத்தனை முறை முறையின்றி மின் அறுந்தது, ஆயுளில் எத்தனை வீதம் செலவானது, கையிருப்பிலுள்ள மாற்றுத் தொகுதிகள் எத்தனை வீதம் எஞ்சியுள்ளன, திருத்தவியலாப் பிழைகள் எத்தனை, வெப்பநிலை என்ன என்பவையே கவனத்துக்குரியன. ஒரு நாளின் எண்ணைக் காட்டிலும் அதன் போக்கே முக்கியம். பத்துப் பழுதுத் தொகுதிகள் ஈராண்டாகப் பத்தாகவே இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை, நேற்று இரண்டாக இருந்து இன்று பத்தாயின் அன்றே செயற்பட வேண்டும். ஆகவே மாதமொருமுறை அவ்வெண்களைப் பதிவுப் புத்தகமொன்றில் எழுதிவரும் அலுவலகம் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகின்றது.

இணைப்புவழிப் பிழை எண்ணிக்கை மட்டும் ஏறி ஏனையவை அசையாதிருப்பின் குற்றம் சேமிப்பியிலன்று, வடத்திலோ செருகுதளத்திலோ ஆகும். மாசி முதல் வீசும் செம்புழுதியும் மார்கழி ஈரமும் தொடுமுனைகளில் படிதல் இயல்பு. கழற்றித் துடைத்து மீளச் செருக, பல 'இறந்த' சேமிப்பிகள் எழும்புவதைக் காணலாம். மந்தமே குறையாயின், சேமிப்பி நிரம்பி வழிகின்றதா, வெப்ப மிகுதியால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றதா எனப் பார்க்க வேண்டும். மேலும், அழித்த கோப்புகளின் இடம் வெறுமையாயிற்று என்பதை இயங்குதளம் சேமிப்பிக்கு அறிவிக்கும் 'ட்ரிம்' கட்டளை அதனைச் சென்றடைகின்றதா என்பதும் நோக்கற்பாலது. ரெய்ட் கட்டுப்படுத்திகள் பல இக்கட்டளையை இடையில் மறித்துவிடும். தன்னிலைப் பதிவையும் மறைத்துவிடும். அவற்றினூடாக உள்ளே நோக்குவதற்குத் தனித் தெரிவுகள் மேற்சொன்ன மென்பொருளில் உள்ளன.

திருத்தவியலாப் பிழைகள் ஏறுகின்றனவாயின், பழுதுபார்க்கும் மென்பொருளை அதன்மேல் ஓட்டுதல் ஆகாது. அது எழுதும், எழுதுந்தோறும் நிலை மோசமாகும். முதலில் முழுமையாகப் படியெடுத்து, பழுதுபார்த்தலைப் படியின்மேற் செய்தல் வேண்டும். மூல ஏட்டில் திருத்தம் எழுதிய பதிப்பாசிரியரை நாம் எவ்வாறு மதிப்பிடுவோமோ அவ்வாறே இதுவும். மின் அறுந்தபின் பட்டியலிலிருந்து மறைந்த சேமிப்பிக்கு மாத்திரம் ஒரு முயற்சி உண்டு. தரவு வேண்டுகோள் எதுவும் அனுப்பாது இருபது முப்பது நிமிடம் மின்னை மட்டும் ஊட்டிவைத்தால் சில சேமிப்பிகள் தமது அட்டவணையைத் தாமே மீளக் கட்டிக்கொள்ளும். குருஷல் நிறுவனம் தனது சேமிப்பிகளுக்கு இம்முறையையே பரிந்துரைத்துள்ளது.

இதுவரை கூறியவை யாவும் பௌதிகக் காரணங்கள். உள்நிரல் பற்றியது வேறு வகையான பிரச்சினை. நமது கண்ணோட்டத்தில் இதுவே முதன்மையானது. 2019 நவம்பரில் எச்.பி. என்ரர்பிரைஸ் நிறுவனம் தன் வழங்கிகளுக்கென விற்ற சில சேமிப்பிகள் 32,768 மணிநேரம் இயங்கியவுடன் செயலிழக்கும் என்றும், பின்னர் சேமிப்பியையோ அதிலுள்ளவற்றையோ மீட்க இயலாதென்றும் அறிவித்தது. அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரம். இவ்வெண்ணின் இரகசியம் எளிது: குறியுடைய பதினாறு பிற்று எண்ணியிற் கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. அடுத்த மணிநேரத்தை எண்ண இடமில்லை. 2020 மார்ச்சில் வேறொரு தொகுதிச் சேமிப்பிகளுக்கு 40,000 மணிநேரம் என்று இன்னோர் அறிவித்தல் வந்தது. இதன் உட்கருத்தைக் கவனித்தல் வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றையவை காக்கும் என்பதே ரெய்ட் முறையின் அடிப்படை. ஆனால் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் இயக்கிய சேமிப்பிகள் ஒரே மணிநேரத்தில் சாகுமாயின் எதனை எது காப்பது? 2022 ஜூலையில் அமெரிக்காவின் 'ஹேக்கர் நியூஸ்' செய்தித் தளத்துக்கு இதுவே நேர்ந்தது. அதன் முதன்மை வழங்கியும், அது விழுந்தால் ஏற்றுக்கொள்ளவென வைத்திருந்த மாற்று வழங்கியும் சில மணிநேர இடைவெளியில் விழுந்தன. இரண்டிலும் ஏறத்தாழ நாலரை ஆண்டு இயங்கிய ஒரே வகைச் சேமிப்பிகள் இருந்தன.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டவுடன், 'புதியதை விற்பதற்காகக் கம்பனிகள் வேண்டுமென்றே செய்யும் சதி' என்று கூறும் எளிய விளக்கமொன்று முற்போக்கு வட்டாரங்களிற் கூட உலவுகின்றது. எச்.பி. தானே முன்வந்து அறிவித்துத் திருத்திய உள்நிரலையும் வழங்கிற்று. வேண்டுமென்றே செய்தோர் அவ்வாறு செய்யார். சதியைத் தேடுவது அரசியற் பொருளாதாரமாகாது. தேட வேண்டியது அமைப்பை. சேமிப்பி என்னும் பண்டத்தை வாங்கியவன் அதன் உலோகத்தையும் சிலிக்கனையும் பெறுகின்றான். அதன் நடத்தையைத் தீர்மானிக்கும் உள்நிரலை அவன் வாசிக்கவும் முடியாது, பிறர் வாசித்துச் சொல்லவும் முடியாது. உறைந்துபோன உழைப்பு அதனுள் பூட்டிக் கிடக்கின்றது, திறவுகோல் விற்றவனிடமே. வன்னியிலுள்ள தொழில்நுட்பவியலாளர் எத்துணைத் திறமையுடையவராயினும் அப்பூட்டின் வெளிப்புறத்தில் நின்றே நோயறிய வேண்டியுள்ளது. திருத்திய உள்நிரல் உண்டென்னும் அறிவித்தலுங்கூட விற்பனை ஒப்பந்தம் உள்ளோரைத்தான் முதலிற் சென்றடைகின்றது. கைமாறிக் கைமாறி இரண்டாம் பாவனைக்கு வந்த வழங்கியை வாங்கிய சிறு நிறுவனத்துக்கு அதனை யார் சொல்வது? டைனமோவையும் மண்ணெண்ணெயையும் வசப்படுத்திய கைத்திறன் இங்கே முட்டி நிற்பது திறமைக் குறைவாலன்று. அக்கருவிகள் திறந்து பார்க்கக்கூடியவையாக இருந்தன, இது அவ்வாறன்று.

ஆயினும் பூட்டின் வெளியே நின்று செய்யத்தக்கவை உள. இரண்டாம் பாவனை வழங்கியை வாங்கியவுடன் சேமிப்பியின் மாதிரி இலக்கம், உள்நிரற் பதிப்பு, இயங்கிய மணிநேரம் மூன்றையும் எழுதியெடுத்து உற்பத்தியாளரின் அறிவித்தல்களோடு ஒப்பிடுதல் அவற்றுள் முதலாவது. ரெய்ட் அணியிற் சேரும் சேமிப்பிகளை வெவ்வேறு காலத்தில், இயலுமாயின் வெவ்வேறு உற்பத்தியாளரிடமிருந்து பெறுதல் இன்னொன்று. வயதையும் மறத்தலாகாது. கூகிள் நிறுவனத்தின் நிலையங்களிற் பயன்பட்ட சேமிப்பிகளை ஆராய்ந்து பியங்கா ஷ்ரோடர் முதலானோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வு, எழுதிய அளவைப் போலவே கழிந்த ஆண்டுகளும் பிழைக்குக் காரணமாவதைக் காட்டிற்று. வன்தட்டோடு ஒப்பிடுகையில் திண்மநிலைச் சேமிப்பிகள் மாற்றப்படுவது குறைவு. ஆனால் திருத்தவியலாப் பிழைகள் அவற்றில் அதிகம். அதாவது பெட்டி உயிரோடிருக்கும், உள்ளே ஓரிரு ஏடுகள் மௌனமாகச் சிதைந்திருக்கும். பாடபேதம் எங்கே புகுந்தது என்பதை அறியச் சுவடியியலார் பல படிகளை ஒப்புநோக்குவர். கணினியில் அதற்கீடானது சரிபார்ப்புத் தொகை, இசட்.எஃப்.எஸ். முதலான கோப்பமைப்புகள் அதனைத் தாமே பேணுகின்றன.

படி என்றதும் காப்புப் பிரதி பற்றிய கேள்வி எழுகின்றது. 2023 ஆகஸ்ட் 26 ஆந் திகதி இலங்கை அரச மேகக்கணிமை இணையவழிக் கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையுள்ள மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது, வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. இது சேமிப்பியின் பழுதன்று. எனினும் பாடம் ஒன்றே: அதே அறையில், அதே மின்னில், அதே வலையில் உள்ள பிரதி பிரதியாகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன என்பதே அத்தீயின் முழுப் பொருள். வவுனியாவில் உள்ளதன் படி முல்லைத்தீவிலும், கிளிநொச்சியில் உள்ளதன் படி யாழ்ப்பாணத்திலும் இருக்குமாறு நிறுவனங்கள் தமக்குள் ஒழுங்கு செய்துகொள்ளப் பெருஞ் செலவு தேவையில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் ஒருங்கே வெள்ளத்துட்பட்டதை நினைவிற்கொண்டு, அயல் மாவட்டத்தை மட்டும் நம்பாது தொலைவிலும் ஒரு படி வைத்தல் நன்று.

கழித்து வீசப்படும் சேமிப்பியைப் பற்றியும் ஒரு சொல். பழுதான சேமிப்பி விற்பனைப் பண்டமன்றாயினும் அதிலுள்ளவை வாசிக்கக்கூடியனவாகவே இருக்கலாம். மேலெழுதி அழித்துவிட்டோம் என்று நம்புவது இங்கே பொருந்தாது. முன்னர் கூறியவாறு சேமிப்பி பழைய இடத்தில் எழுதுவதில்லை, கையிருப்புத் தொகுதிகளிற் பழைய பக்கங்கள் இயங்குதளத்தின் கண்ணுக்குப் படாமற் கிடக்கும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அளித்த விண்ணப்பங்களும், விதவைகளின் உதவித்தொகைப் பதிவுகளும், நோயாளரின் குறிப்புகளும் உள்ள ஒரு மாவட்டத்தில் இது சிறிய விடயமன்று. சேமிப்பியிலேயே அமைந்துள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்தலாம். முதல் நாளிலிருந்தே மறைகுறியாக்கி எழுதியிருப்பின் திறவுகோலை அழித்தாற் போதும். கட்டளைக்கு இணங்காத நிலையில் இறந்த சேமிப்பியாயின் மூடியைக் கழற்றி, பச்சைப் பலகையிலுள்ள கரிய சில்லுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நொறுக்குதல் வேண்டும்; பெட்டியின் நடுவில் துளையிட்டு விடுவது போதாது, துளை சில்லுகளுக்கிடையே சென்றுவிடக்கூடும்.